ஒரு பிடி அரிசியும் வளரும் விசுவாசமும்

(ஆண்டு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, குடும்பக் கூடுகையில் பேசியது)



'விசுவாசத்தை அறிவதும் அதில் வளர்வதும்' என்ற தலைப்பைப் போதகர் ஐயா கொடுத்து, இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பிரசங்கியார் அல்ல. டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி ஒப்படைப்போமே, அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பழக்கம். அதில் வளைத்துப் பேச நேரம் கிடையாது. இரவு என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், எதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படியே பேசப் பார்க்கிறேன்.

இந்தத் தலைப்பு எனக்குப் புதிதல்ல. போன பிப்ரவரியில் பள்ளி திறந்த வாரம், ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னிடம் இதையே கேட்டாள். "ஆன்ட்டி, எங்க வீட்டுக் கதவுல டாடி பென்சில்ல கோடு போட்டு நான் எவ்வளவு வளர்ந்தேன்னு பாப்பாங்க. ஃபெய்த் வளர்ந்துச்சான்னு எப்படிப் பாக்கிறது?" என்றாள். நான் உடனே, "தினமும் ஜெபம் பண்ணு, வேதம் வாசி, வளரும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படத்துக்கு வண்ணம் அடிக்கப் போய்விட்டாள். அவள் கேட்டது எப்படி வளர்வது என்று அல்ல. வளர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றுதான். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் நாம் அடிக்கடி செய்கிற வேலை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே யோசித்தேன். பிள்ளை வளர்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இங்கே பிள்ளை பெற்ற தாய்மார் எல்லாருக்கும் பிளங்கட் நர்ஸைத் தெரியும். 1907-ல் டனீடன் நகரில் ட்ரூபி கிங் என்ற மருத்துவர் தொடங்கிய சங்கம் அது. இன்றைக்கும் நர்ஸ் வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்து, உயரம் பார்த்து, புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும்.

நம் சபையில் புதிதாகத் தாயான பிள்ளைகள் சிலர் எனக்கு போன் செய்வார்கள். பிறந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும். "அக்கா, பிள்ளை எடை குறைஞ்சுபோச்சு. எனக்குப் பால் இல்லையா? நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று அழுவார்கள். பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை குறையத்தான் செய்யும். பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடக் குறையலாம். வயிற்றுக்குள் இருந்தவரைக்கும் தொப்புள்கொடி வழியாக எல்லாம் தானாக வந்தது. இப்போது அதுவே வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். உடம்பில் கூடுதலாக இருந்த நீரும் வெளியே போகும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதுவரை நாங்கள் தராசை மட்டும் பார்க்கமாட்டோம். பிள்ளை பால் குடிக்கிறதா, எத்தனை தடவை நனைக்கிறது, எழுப்பினால் விழிக்கிறதா என்றெல்லாம் பார்ப்போம். பயப்பட வேண்டிய பிள்ளை எது, சும்மா இளைத்த பிள்ளை எது என்று அதில்தான் தெரியும்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் அப்படித்தான் இளைத்தோம் என்று நினைக்கிறேன். ஊரில் விசுவாசம் தொப்புள்கொடி வழியாக வந்தது. விடியற்காலையில் கோயில் மணி அடிக்கும். தெருவில் எந்த வீட்டிலிருந்தாவது குடும்ப ஜெபப் பாட்டு கேட்கும். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை மளிகைக் கடைக்காரர்கூட "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார். இங்கே ஆறு மாதம் போகாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை.

நான் 2008-ல் இங்கே வந்தேன். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் காட்ட வேண்டும் என்று தெரியுமே, நானும் எழுதியிருந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த கடுகுப் பொட்டலத்தைப் பார்த்து அந்த அதிகாரி, "இது எதற்கு?" என்று கேட்டார். தாளிக்கிறதுக்கு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எண்ணெயில் போட்டு வெடிக்க வைப்போம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். விமான நிலையத்தில் வெடிக்க வைப்போம் என்று! நல்ல வேளை, அந்த மனிதர் சிரித்துவிட்டார்.

அம்மா கொடுத்த கடுகு சமையலுக்கு வந்தது. கடுகளவு விசுவாசம் என்று ஆண்டவர் சொன்னது மட்டும் அந்த முதல் இரண்டு வருடம் எங்கே போனதோ தெரியாது. வந்தவுடன் பதிவுக்கான பயிற்சி, பிறகு வேலை, ஞாயிற்றுக்கிழமை டியூட்டி, சனி இரவு டியூட்டி. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தூக்கம் வரும். என் விசுவாசம் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். பிறகுதான் புரிந்தது, என்னுடையது என்று நான் நினைத்ததில் பாதி அம்மாவுடையது, மீதியில் பாதி ஊர்க் கோயிலுடையது. என்னுடையது மிகச் சிறியது. அது போகவில்லை, அப்போதுதான் பிறந்திருந்தது.

*

இப்போது வேத பகுதிக்கு வருகிறேன். லூக்கா 17-ம் அதிகாரம், 3-ம் வசனத்திலிருந்து 10-ம் வசனம் வரை. வீட்டுக்குப் போய் முழுவதையும் சேர்த்து வாசியுங்கள். நாம் வழக்கமாகக் கடுகு விதை வருகிற வசனத்தை மட்டும் எடுத்து காலண்டரில் போட்டுவிடுகிறோம். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும் என்று அப்போஸ்தலர்கள் ஆண்டவரிடம் கேட்கிறார்கள். எப்போது கேட்கிறார்கள்? புயலில் அல்ல, பிசாசு துரத்த முடியாதபோதும் அல்ல. உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்து, ஏழு தரமும் வந்து மனஸ்தாபப்பட்டால், ஏழு தரமும் மன்னித்துவிடு என்று ஆண்டவர் சொன்னவுடனே கேட்கிறார்கள். அற்புதம் செய்ய அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை மன்னிக்க விசுவாசம் போதவில்லை என்று தெரிகிறது. இதைச் சபை ஆண்டு விழாவில் வாசிப்பது நல்லது. எந்தச் சபையிலும் பார்க்கிங்கில் ஒருவரைப் பார்த்து மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டு பேராவது இருப்பார்கள். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்கு ஆண்டவர் சொன்ன பதிலில் இரண்டு பாகம் இருக்கிறது. முதல் பாகம் கடுகு விதை. இவ்வளவு சிறியது இருந்தாலே போதும் என்கிறார். இரண்டாம் பாகம் வயலில் உழுதுவிட்டு வீட்டுக்கு வருகிற வேலைக்காரனின் கதை. அவன் வந்தவுடன் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அரையைக் கட்டிக்கொண்டு எஜமானுக்குச் சமைத்துப் பரிமாறுகிறான். செய்ய வேண்டியதைத்தான் செய்தேன் என்கிறான். விசுவாசத்தை அதிகமாக்கும் என்று கேட்டவர்களிடம் ஏன் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்? பல வருடம் எனக்கு இது ஒட்டாத கதையாகவே தெரிந்தது. கொஞ்சம் கோபம்கூட வரும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் வரும்.

இப்போது எனக்குப் படுவது இது: கேட்டவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் அளந்து கொடுக்காமல், இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போ என்று ஆண்டவர் அனுப்பிவிட்டார். அந்தப் போகிற வழியில்தான் அது வளருகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பேரிடமிருந்து கற்றுக்கொண்டேன். ஒருவர் என் அம்மா. மற்றவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

*

அம்மா திருநெல்வேலிப் பக்கம். சோற்றுக்கு அரிசி அளந்து எடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போடுவார்கள். கைப்பிடி அரிசி என்று நம்மில் பலருடைய வீட்டில் இருந்த வழக்கம்தான். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் வந்து வாங்கிப் போவார்கள். அது விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்முடைய காசில் நம்முடைய ஆட்களை அனுப்புவோம் என்று தொடங்கினார்கள். தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. அவர்தான் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அப்படிப்பட்ட ஊழியங்களுக்குப் பின்னால் பணக்காரர்களின் பெட்டிகளைவிட இந்த மாதிரி டின்கள்தான் அதிகம்.

எங்கள் வீட்டில் அரிசி தாராளமாக இருந்ததே இல்லை. சின்ன வயதில் எனக்கு அந்த டின்மேல் கோபம். ஒரு நாள், "நமக்கே பத்தல, இதுல எதுக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மூடியை ஒழுங்காப் போடு, எறும்பு ஏறும்" என்றார்கள்.

2021 செப்டம்பரில் அம்மா போய்விட்டார்கள். ஆக்லாந்து நாலாம் நிலை ஊரடங்கில் இருந்தது. எல்லை மூடியிருந்தது. போனால் எப்போது திரும்ப முடியும் என்று தெரியாது, வார்டிலோ ஆள் பற்றாக்குறை. நான் போகவில்லை. அடக்க ஆராதனையை இங்கே வீட்டு ஹாலில் போனில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்குப் போனதும் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. பெட்டியை இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. உங்களில் பலருக்கு இதே மாதிரி நடந்திருக்கிறது, எனக்குத் தெரியும். அப்போது நம் சபையார் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து கையசைத்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

அம்மா பிழைக்க வேண்டும் என்று எட்டு நாள் உபவாசம் இருந்து ஜெபித்திருந்தேன். முழு நிச்சயத்தோடு ஜெபித்தேன். அதனால் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆறுதல் சொன்னவர்கள், "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். பொய் அல்ல. ஆனாலும் நர்ஸாக ஒன்று சொல்கிறேன். ஆழமான புண்ணை மேலே உடனே தைத்து மூடமாட்டோம். உள்ளே துணி வைத்துத் திறந்தே வைத்து, தினமும் கட்டு மாற்றுவோம். அடியிலிருந்து சதை வளர்ந்து வர வேண்டும். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டால் உள்ளே சீழ் பிடிக்கும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசனத்தைச் சொல்லி உடனே மூடிவிடப் பார்க்கிறோம். அவசரப்படாதீர்கள். கட்டு மாற்ற தினமும் ஒருவர் வந்தால் போதும்.

ஜெபம் இல்லை, வேலைக்கு மட்டும் போனேன். ஒரு இரவு, மூன்று மணி இருக்கும். வயதான அம்மா ஒருவர், இந்த மண்ணின் மாவோரி மக்களைச் சேர்ந்தவர். எல்லை மட்டுமல்ல, ஆஸ்பத்திரி வாசலும் பார்வையாளர்களுக்கு இறுக்கமாக இருந்த காலம். பக்கத்தில் குடும்பத்தார் இல்லை. மாவோரி குடும்பங்களில் நோயாளியின் பக்கத்தில் கூடி நின்று கரக்கியா சொல்லுவார்கள். ஜெபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல ஆள் இல்லையே என்று அவருக்கு வருத்தம். உனக்குத் தெரிந்த ஜெபம் ஏதாவது சொல்லு என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஜெபம் பண்ணும் நிலைமை இல்லை என்று ஒரு நோயாளியிடம் சொல்ல முடியுமா? கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் தொடங்கியது எந்த இடத்தில் தமிழுக்கு மாறியது என்று எனக்கே தெரியாது. அவர் தம்முடைய மொழியில் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். ஆமென் மட்டும் இருவருக்கும் ஒன்றாக வந்தது. அதன்பின் தலையணையைச் சரிசெய்து, அடுத்த கட்டிலுக்குப் போய் டிரிப் பாட்டிலை மாற்றினேன்.

அன்று எனக்குள் பெரிய வெளிச்சம் ஒன்றும் வரவில்லை. ஆனால் டியூட்டி முடிந்து காரில் உட்கார்ந்தபோது, இரண்டு மாதத்தில் முதல் தரம் ஜெபித்திருக்கிறேன் என்று நினைவு வந்தது.

*

நேரில் பார்த்ததில்லை என்று சொன்னேனே, அவர் டாக்டர் மேரி வர்கீஸ். நான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நர்ஸிங் படிக்கச் சேர்ந்தது 1996-ல். அவர் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1986-ல், ஆண்டவரிடம் போய்விட்டார். ஆனால் பாகாயத்தில் அவர் உண்டாக்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு மாணவிகளை அழைத்துப் போவார்கள். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவர்கள் அங்கே சக்கர நாற்காலியில் சமைக்கப் பழகுவார்கள், தையல் பழகுவார்கள். அங்கேதான் அவர் கதையைக் கேட்டேன்.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டியது, பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களும் இறந்தது, அந்தப் பெண் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்தது. ஆண்டு விழா நாடகத்தில் வருடந்தோறும் கதவைத் தட்டுகிறோம். அதனால் இன்று அதை விட்டுவிடுகிறேன். மேரி வர்கீஸ் கதையில் கதவைத் தட்டுகிற சத்தமே கிடையாது.

மேரி 1925-ல் கொச்சிப் பக்கம் வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். ஐடா அம்மையார் தொடங்கிய அதே கல்லூரியில் மருத்துவம் படித்தார். பெண்களுக்கான மருத்துவத்தில், பிரசவம் பார்ப்பதில் அவருக்கு ஆசை. 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு வண்டியில் போகும்போது விபத்து. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாமல் போனது. அப்போது வயது இருபத்தெட்டு. தோழிகள் ஜெபித்தார்கள், அவரும் ஜெபித்தார். கால்கள் வரவில்லை.

பிரசவம் பார்க்கிற டாக்டராகும் வழி அடைபட்டது. அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுக்கொண்டு செய்தார். மருத்துவரே நாற்காலியில் வருவதைப் பார்த்த அந்த நோயாளிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அறுவை சிகிச்சை என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் வலது கையை நீட்டுங்கள். இப்போது விரல்களைக் கொக்கி மாதிரி மடக்குங்கள். தொழுநோயில் நரம்பு செத்துப்போனால் சில தசைகள் வேலை செய்யாது, விரல் இப்படியே மடங்கி நின்றுவிடும். சாதத்தைப் பிசைய முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது. செத்த தசைக்கு உயிர் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் பக்கத்தில் நல்ல தசை ஒன்று இருக்கும். அதன் நாணை, அதாவது தசையை எலும்போடு கட்டுகிற நாரை, ஒரு இடத்திலிருந்து எடுத்து, தோலுக்கு அடியில் வழி உண்டாக்கி, விரலில் வேறு இடத்தில் தைத்துவிடுவார்கள். புதிய பலம் எதுவும் கையில் ஏறவில்லை. இருந்த பலத்துக்கே வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அதோடு முடியாது. சுமார் மூன்று வாரம் கட்டு. கட்டைப் பிரித்ததும் நோயாளி விரலை நீட்டப் பார்ப்பார், வராது. அந்தத் தசைக்குப் பழைய வேலைதான் தெரியும், மூளையும் பழைய கட்டளையைத்தான் அனுப்பும். பிசியோதெரபியில் தினமும் உட்கார்ந்து, இந்த விரலை இப்படி, இந்த விரலை இப்படி என்று வாரக்கணக்கில் பழக வேண்டும். ஒரு நாள் விரல் நீளும். எந்த நாளில் கற்றுக்கொண்டது என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மேரிக்கு நடந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு அவர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், தன் வேலைகளைத் தானே செய்யப் பழகினார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்து நிலையம் திறந்தது. 1972-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. விபத்து நடந்து அந்த நிலையம் திறக்க பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஒரு பேச்சில் நான் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் ஒவ்வொரு காலையாக, பிறர் தூக்கி உட்கார வைக்க, வலியோடு வாழ்ந்தார்.

எனக்கு ஒரு பயம் உண்டு, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டு, 'அந்த விபத்து நல்லதுக்குத்தான்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. நான் அப்படிச் சொல்லமாட்டேன். முதுகெலும்பு முறிவது நல்லதல்ல. அம்மாவைப் புதைக்கும்போது மகள் போனில் பார்ப்பதும் நல்லதல்ல. நடந்தது நடந்த பிறகு, மிச்சம் இருக்கிற நாணை ஆண்டவர் எங்கே தைக்கிறார் என்பதை மட்டும்தான் நம்மால் பார்க்க முடிகிறது.

*

பெற்றோர்களிடம் கொஞ்சம். சாட்சி நேரத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்று கவனித்தேன். ரெசிடென்ஸ் கிடைத்தது, வீடு வாங்கினோம், பிள்ளைக்கு மெடிசினில் இடம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பின்வரிசையில் விசா மறுக்கப்பட்ட ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருடமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிற ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுக்கு மைக் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். கிடைத்ததை மட்டுமே கேட்டு வளர்கிற நம் பிள்ளைகள், கேட்டது கிடைக்காத முதல் வருடத்தில் என்ன செய்வார்கள்? பதினெட்டு வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கோயிலை விட்டுவிட்டார்கள் என்று பிறகு நாம் அழுகிறோம். கிடைக்காமல் போனதையும், அதன் பிறகும் நாம் ஏன் இங்கே வந்து உட்காருகிறோம் என்பதையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தமிழில் சொன்னால் புரியாது என்றால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தமிழ் முக்கியம்தான், ஆனால் அதற்குக் காத்திருந்து இதை விட்டுவிட வேண்டாம்.

இப்போது அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு. அவள் இங்கேதான் இருக்கிறாள், வெட்கப்படுவாள், நான் பார்க்கமாட்டேன். கண்ணம்மா, உன் உயரத்தை நீயே அளக்க முடியாது. கதவில் சாய்ந்து நின்றால், தலைக்குமேல் கோடு போடுவது அப்பாதான். விசுவாசமும் அப்படி. உனக்கு வளர்ந்த மாதிரி தெரியாது. போன வருடம் உன் தம்பி உன் பென்சிலை உடைத்தபோது நீ என்ன செய்தாய், இந்த வருடம் என்ன செய்கிறாய் என்று உன் தம்பியிடம் கேட்டால் அவன் சரியாகச் சொல்லுவான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

கடைசியாக ஒரு காரியம். அம்மா போன பிறகு அக்கா அடுப்படியைச் சுத்தம் செய்தபோது அந்த பிஸ்கட் டின்னில் பாதிக்குமேல் அரிசி இருந்ததாம். காய்ச்சல் வந்து படுத்த அன்று காலையிலும் போட்டிருக்கிறார்கள். அக்கா அதைச் சங்கத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு எனக்கு போனில் சொன்னாள். அடக்கத்தன்று வராத அழுகை எனக்கு அன்றுதான் வந்தது.

அடுத்த வாரம் மவுண்ட் ராஸ்கில் கடையில் அரிசி வாங்கும்போது ஒரு டின்னும் வாங்கினேன். இங்கே உதிரி அரிசியைக் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் மாதக் கடைசியில் டின்னை நிறுத்து, அதே எடைக்குக் கட்டின பாக்கெட் வாங்கி, 1920-லிருந்து ஏழைகளுக்குச் சேவை செய்கிற ஆக்லாந்து சிட்டி மிஷனுக்குக் கொடுக்கிறோம். டின்னில் உள்ளதை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம். சராசரி ஒன்றரை, இரண்டு கிலோ வரும். பெரிய தொகை இல்லை.

இந்த விழா வருடத்தில் சபையிலும் அப்படிச் செய்யலாமா என்று பெண்கள் ஐக்கியத்தில் பேசினோம். பின்னால் மேசையில் நாற்பது டின்கள் இருக்கின்றன. மூடியில் பெயர் எழுதப் பிள்ளைகளுக்கு மார்க்கர் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒன்று. பிடி போடுவது அந்த வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையின் வேலை, ஏனென்றால் சின்னக் கை. மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தராசு நான் கொண்டு வருவேன். மூடியை ஒழுங்காகப் போடுங்கள். இங்கேயும் கோடையில் எறும்பு உண்டு.